சீருடையும் காப்புடையும்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எல்லோருக்கும் 'புதுச் சீருடை' என்று பச்சை நைலான் கோட்டு கொடுத்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கும் அதுதான், ஃபேக்டரியில் ரோலர் பக்கம் நிற்பவருக்கும் அதுதான், மருந்தடிப்பவருக்கும் அதுதான். ஐப்பசி மழை பிடித்த முதல் வாரமே, பெண்கள் அந்தக் கோட்டுக்கு மேல் பழைய பிளாஸ்டிக் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனார்கள். செடியின் குச்சி குத்துவதும் ஈரம் ஏறுவதும் இடுப்புக்குக் கீழேதானே!

இந்தக் குழப்பத்தில் பாதி சொல்லில் இருக்கிறது. யூனிஃபார்ம் என்பதன் மூலம் லத்தீன்: 'ஊனுஸ்' என்றால் ஒன்று, 'ஃபோர்மா' என்றால் வடிவம். ஆகவே ஒரே வடிவம். உடை என்ற பொருளே அதில் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. நாம் அதைச் சீருடை என்று ஆக்கிக்கொண்டோம். அழகான ஆக்கம், மூலத்தைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். சீர் என்றால் ஒழுங்கு, அழகு மட்டுமல்ல. துலாக்கோலின் சமநிலையும் சீர்தான். 'சீர்தூக்கிப் பார்' என்று சொல்வது அதனால்தான். (கல்யாணச் சீரை இங்கே இழுக்க வேண்டாம்.) அப்படியானால் வேலையையும் உடம்பையும் சீர்தூக்கித் தேர்ந்த உடை என்றும் அதைப் படிக்கலாம். ஆனால் பள்ளிக்கூடமும் போலீஸும் பழக்கிவிட்டதில், சீருடை என்றதும் நமக்கு ஒரே நிறம்தான் மனசில் வருகிறது.

சரி, உடம்பைக் காக்கிற உடைக்கு என்ன சொல்? அரசுத் தாள்களில் 'பாதுகாப்பு உடை' என்று வரும். தவறில்லை, கொஞ்சம் நீளம். கவசம் தலைக்கவசத்தில் நிலைத்துவிட்டது, ஆனால் மழைக்கோட்டைக் கவசம் என்றால் போர்க்களம் நினைவுக்கு வருகிறது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் இருக்கும் யவனர் அணிந்த சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். மெய்யைப் போட்டு மூடுகிற பை! ஆசையாகத்தான் இருக்கிறது, கடையில் போய்க் கேட்டால் பையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். என் தேர்வு காப்புடை. கா, காப்பு, காவல் எல்லாம் ஒரே வேர். கையில் போடும் காப்பும் திருவிழாவுக்குக் கட்டும் காப்பும் அதுவே என்பதால் காதுக்குப் புதிதாகவும் இராது.

பெயரைப் பிரித்தால் தேர்வும் தானாகப் பிரிகிறது. சீருடை நீங்கள் யார் என்று மற்றவருக்குச் சொல்கிறது, அதை எல்லோருக்கும் ஒன்றாகவே தைக்கலாம். காப்புடை எதிலிருந்து காக்க வேண்டும் என்று கேட்கும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூனிலேயே மழைக்கோட்டும் கம்பூட்ஸும் வேண்டும், அட்டைக்கடி வேறு. கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்கு மழை அக்டோபரில்தான். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக்குக் கம்பளி. மருந்தடிப்பவருக்கு முகமூடியும் கையுறையும். ஃபேக்டரியில் மட்டும் எல்லாம் தலைகீழ்: தளர்ந்த கோட்டு அங்கே ஆபத்து, தொங்குகிற ஓரத்தை மெஷின் இழுத்துவிடும். ஓடுகிற மெஷினைச் சரிபார்ப்பவருக்கு உடலோடு ஒட்டிய உடையை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது.

தோட்டங்களுக்கு 1951இல் வந்த சட்டத்தில் யூனிஃபார்ம் பேச்சில்லை. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பொருளைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். எஸ்டேட் ஆட்கள் இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள்: "இந்த வருசம் கம்பளி எப்போ?"