பருந்துக் கூட்டத்தை எப்படி எண்ணுறாங்க?

இஸ்ரேலோட தெக்கு முனையில, செங்கடல் ஓரமா எய்லாட்னு ஒரு ஊர், பின்னாடி பூரா மொட்டை மலைங்க. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் அந்த மலை முகட்டுல சில பேர் தொப்பியும் பைனாகுலருமா பொழுதுக்கும் வானத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. ஆப்பிரிக்காவுல குளிர்காலத்த கழிச்சிட்டு முட்டை போட ஐரோப்பா, ரஷ்யா பக்கம் திரும்புற கழுகு, பருந்து எல்லாத்தையும் எண்ணுறதுதான் வேலை. 1985 வசந்தத்துல மட்டும் பத்து லட்சத்துக்கு மேல எண்ணிருக்காங்க, அதுல பெரும்பங்கு தேன்பருந்து.

ஏன் அங்க இவ்ளோ? பெரிய இறக்கை உள்ளதுங்க அடிச்சு அடிச்சே பறந்தா சீக்கிரம் களைச்சிடும், அதனால வெயில்ல தரை சூடாகி மேல கிளம்புற தெர்மல் காத்துல வட்டம் போட்டு ஏறி, உச்சிக்கு போனதும் இறக்கைய விரிச்சு அடுத்த தெர்மல் வரைக்கும் சறுக்கிட்டே போகும். கடல் மேல அந்த காத்து சரியா கிளம்பாது. அதனால நிறைய கூட்டம் கடல தாண்டாம, எகிப்தோட சினாய் பாலைவனம் வழியா தரையோடயே வந்து, செங்கடலோட வளைகுடா முடியுற எய்லாட் பக்கம் குவிஞ்சிடுது.

சரி, எண்ணுறது எப்படி? எந்த இனம்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்னு நினைப்போம், என்னைக் கேட்டா எப்ப எண்ணணும்ங்கறதுதான் பெரிய தலைவலி. தெர்மல்ல சுத்துறப்போ ஒண்ணு மேல ஒண்ணா குழம்பிக்கிட்டு இருக்கும், புதுசா வேற சேந்துட்டே இருக்கும். கோயில் பிரகாரத்துல சுத்துற கூட்டத்த எண்ண முடியுமா, வாசல்ல நின்னாத்தான் முடியும். இங்க வாசல்ங்கறது தெர்மலோட உச்சி, அங்கேருந்து ஒவ்வொண்ணா வரிசையா சறுக்க ஆரம்பிக்கும்ல, அப்பதான் கிளிக்கர, அதாவது அமுக்க அமுக்க ஒண்ணொண்ணா கூட்டிக் காட்டுற கைக் கருவிய, அமுக்கணும். அதுவும் மனசுல ஒரு கோடு போட்டு வச்சிக்கிட்டு அத தாண்டினது மட்டும்தான் கணக்கு, திரும்பி வந்தா கழிச்சிடணும். ரொம்ப அடர்த்தியா வந்தா பத்து பத்தா பிரிச்சு எண்ணுவாங்க.

மேகமே இல்லாத நீல வானம் பாக்க அழகு, எண்ணுறவங்களுக்கு எமன். மதியம் பறவைங்க புள்ளியா போயிடும், பின்னாடி வெள்ளையா மேகம் இருந்தாத்தான் கண்ணுக்கே படும். காத்து திசை மாறினா மொத்த கூட்டமும் அடுத்த முகட்டுக்கு தள்ளிப் போயிடும். இதனாலதான் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எண்ணிக்கையோட காத்து, மேகம், எத்தனை பேர் பாத்தாங்கன்னு எல்லாம் குறிச்சு வைக்கிறாங்க. இந்த வருஷம் நம்பர் கொறஞ்சதுன்னா பறவை கொறஞ்சதுன்னு உடனே சொல்லிட முடியாது, நாம பாத்த நேரமே கம்மியா இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சீசன் உண்டு. ஸ்டெப்பி கழுகு முன்னாடியே வந்துடும், தேன்பருந்து மே முதல் வாரங்கள்லதான் கொத்துக் கொத்தா வரும். இந்த தேதிங்க விமானப் படைக்கும் தேவைப்பட்டுது. மூணு கிலோ கழுகு ஜெட் மேல மோதினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. யோசி லெஷெம்ங்கற ஆராய்ச்சியாளர் 1980கள்ல மோட்டார் கிளைடர்ல கூட்டத்தோடயே பறந்து எந்த வழி, எந்த உயரம்னு குறிச்சாரு, அத வச்சு வலசை சீசன்ல ஜெட்டுங்க எங்க தாழப் பறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க.