ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மறதி நோயைப் பற்றிக் கேளுங்கள்

மகன் விசைப்படகில், மருமகள் கடல்பாசி எடுக்க. மறதி நோய் வந்த மாமியாரை உள்ளே விட்டு வெளியே பூட்டு. மண்டபம், பாம்பன் பக்கம் இப்படி இன்னொரு வீடு என்று கேள்விப்படும்போது மருமகளைத் திட்டிப் பயனில்லை. அவர் போகாவிட்டால் அன்றைக்கு உலை ஏறாது.

திட்ட வேண்டியது "வயசானா அப்படித்தான்" என்கிற பேச்சை. பேரன் பெயர் சட்டென்று வராமல் பிறகு வந்தால் அது வயது. காலமெல்லாம் வலை பின்னியவர் கண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பதும், மீன் ஏலத்தில் மனக்கணக்காகச் சொன்னவர் நூறு ரூபாய்க்கு மீதி வாங்கத் தெரியாமல் நிற்பதும், பிறந்த தெருவில் வழி தப்புவதும் நோய். நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற இந்த மறதி நோய் இருப்பதாக மதிப்பீடு. நூறில் மீதி 92 பேருக்கும் வயதாகத்தானே செய்கிறது?

சில மறதி வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்து சில வாரம் கழித்து மண்டைக்குள் தேங்கும் ரத்தம் இவற்றால் வருவது அப்படி. கண்டுபிடிக்கச் சில ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஒரு சிடி ஸ்கேன், அவ்வளவுதான். இரண்டே நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றா, சோடியம் குறைந்ததா என்று அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை, சளி மாத்திரை கொடுக்காதீர்கள். குழப்பம் கூடும், விழுவார்கள்.

ஏர்வாடி தர்காவுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். வெளிப்பூட்டும் அதே வேலையைத்தான் செய்யும். கதவில் மணி கட்டுங்கள். கிணற்றுக்கு மூடி போடுங்கள். சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்கும் கரையில் இருக்கிற டீக்கடைக்கும் சொல்லி வையுங்கள். பழைய கடல்காரர்கள் ராத்திரியில் கரையைத் தேடித்தான் நடப்பார்கள்.

கட்சிக்காரர்களே, சென்னையில் இன்னொரு பெரிய கட்டடம் எங்களுக்கு வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க 2021 முதல் வீடு வீடாக வருகிறவர்களே மறதிக்கும் நாலு கேள்வி கேட்கட்டும். அதற்கான பயிற்சிக்கும் கூடுதல் சம்பளத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். (கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை பள்ளிக்கூடம் போகாதவரிடம் செல்லாது. பணத்தை, மாத்திரையை, வழியை அவரே பார்த்துக்கொள்கிறாரா என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும்.) மறதி நோய்க்குக் கொடுக்கிற டோனெபெசில் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும், அதற்காக மதுரைக்குப் பஸ் ஏறுவது கொடுமை. ஒன்றியத்துக்கு ஒரு பகல் பராமரிப்பு இல்லம் வேண்டும். அதைக் காலை பத்து மணிக்குத் திறந்தால் பாசிக்குப் போகிற பெண்ணுக்கு உதவாது, விடிவதற்குள் திறக்க வேண்டும். பராமரிப்பவருக்கு மாதப் படியும் அறிவியுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன் உண்டு, டிமென்ஷியா என்ற பெயர் இல்லை. அதனால் சான்றிதழ் வாங்கவே அலைய வேண்டியிருக்கிறது. எம்.பி. வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது முதலில் இதைக் கேளுங்கள்.