மொழிக் குழப்பமா, மொழிக் குறைபாடா?

'மொழிக் குழப்பம்' என்ற சொல்லை இன்னுமொரு துண்டுப்பிரசுரத்தில் பார்த்தாயிற்று. இரண்டு மொழி கதைக்கிற பிள்ளைகளின் பேச்சு, மொழிச் சிக்கல்களைப் பற்றிப் பெற்றோருக்காக அச்சடித்தது. ஆங்கிலத்தில் 'லாங்குவேஜ் டிஸோர்டர்' என்று இருந்ததைத் தமிழாக்கியவர் இப்படி எழுதிவிட்டுப் போய்விட்டார். செயலமர்வுகளிலும் இதே சொல்தான். பாலர் பாடசாலை மிஸ்மாரும் சொல்கிறார்கள். இப்போது திருகோணமலை பஸ் நிலையத்தில் பிள்ளையோடு நிற்கும் அம்மாமார் வாயிலும் வந்துவிட்டது. "மகனுக்கு மொழிக் குழப்பமாம்."

டிஸோர்டரின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'ஓர்தோ' என்றால் வரிசை, ஒழுங்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் எதிர்மறை ஒட்டு சேர்ந்தது. ஒழுங்கு குலைந்த நிலை, கலகம் என்றெல்லாம் பொருள் தந்து, மருத்துவர் கைக்கு வந்தபோது உடலோ மனமோ இயங்கவேண்டியபடி இயங்காத நிலைக்குப் பெயரானது. மொழியோடு சேர்த்துச் சொன்னால், தன் வயதுக்கேற்ற அளவில் மொழியை விளங்கிக்கொள்ளவோ பயன்படுத்தவோ ஒரு பிள்ளையால் முடியாமலிருப்பது. அது நாளாந்த வாழ்க்கையையும் படிப்பையும் பாதிக்கிற அளவில் நீடிப்பது. பேச்சு வேறு, மொழி வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவைக்க வேண்டும். ஒலியைச் சரியாக எழுப்புவதும் திக்காமல் சொல்வதும் பேச்சுப் பக்கம். சொல், வாக்கியம், பொருள் எல்லாம் மொழிப் பக்கம். நாம் 'பேச்சு வரேல்லை' என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

இனிக் குழப்பத்துக்கு வருவோம். குழம்பு, குழப்பு, குழப்பம் எல்லாம் ஒரு வீட்டுச் சொற்கள். கலங்குவது, ஒன்றோடு ஒன்று கலப்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். அங்கேதான் வினை இருக்கிறது. கலப்பதற்கு இரண்டு பொருள் வேண்டும். எனவே மொழிக் குழப்பம் என்று காதில் விழுந்தவுடனே எந்தத் தாய்க்கும் 'இரண்டு மொழி கலந்ததால் வந்தது' என்றுதான் விளங்கும். நிலைமைக்குப் பெயர் வைக்க வந்த சொல், காரணத்தையும் தானே சொல்லிவிடுகிறது. அதோடு நில்லாமல் மருந்தையும் எழுதிக் கொடுக்கிறது: ஒரு மொழியை நிறுத்து. காரணமும் பிழை, மருந்தும் பிழை. போதாக்குறைக்கு நம் ஊர்ப் பேச்சில் 'குழப்படி' என்றால் பிள்ளையின் சேட்டை. நேர்சரியில் குழப்படி என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய பொடியனுக்கு மொழியிலும் குழப்பம் என்றால், அப்பாவுக்குக் கை துருதுருக்காதா?

இந்த நம்பிக்கையைத் துண்டுப்பிரசுரக்காரர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்லமாட்டேன். அது பழையது. 1923இல் வேல்ஸ் நாட்டில் சேயர் என்பவர், ஆங்கிலமும் வெல்ஷும் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகள் புத்திச் சோதனையில் பின்தங்குகிறார்கள் என்று எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருந்தது. ஆனால் அதை யார் வாசித்தார்கள்? வறுமையையும் வசதியையும் கணக்கில் எடுக்காமல் மொழியின் தலையில் பழியைப் போட்ட ஆய்வுகள் பல வருடம் ஓடின. 1962இல் கனடாவின் மொன்றியலில் பீல், லம்பேர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் குடும்ப வசதியில் ஒத்த பிள்ளைகளை எடுத்து ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகள் பின்னால் நிற்கவில்லை. பல சோதனைகளில் முன்னால் நின்றார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை என்றே காட்டுகின்றன. ஒரே மொழி கதைக்கிற பிள்ளைகளிலேயே நூற்றுக்கு ஏழு பேரளவில் இந்தச் சிக்கல் இருப்பதை ஆங்கிலம் பேசும் நாடுகளில் கணக்கெடுத்திருக்கிறார்கள். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கு எந்த மொழி எதோடு குழம்பியது?

ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பதும் நோய்க்குறி ஆகாது. இந்த மாவட்டத்தில் கலக்காமல் கதைக்கிறவர் யார்? கந்தளாய்ச் சந்தையில் வியாபாரம் செய்கிறவர் விலையைச் சிங்களத்தில் சொல்லி, மிச்சக் காசைத் தமிழில் எண்ணிக் கொடுப்பார். கிண்ணியாப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், குர்ஆன் மதரசாவில் அரபு, ஃபோனில் ஆங்கிலக் கார்ட்டூன். இவர்களுக்கெல்லாம் குழப்பம் என்றால் மாவட்டத்தையே கிளினிக்குக்கு அனுப்பவேண்டும்.

சொல் செய்த கேட்டுக்கு ஓர் உதாரணம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலேயே உண்டு. நாலு வயதுப் பிள்ளை. யாரோ மொழிக் குழப்பம் என்று சொல்லிவிட்டார்கள், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்', 'டோன்ட்' என்ற அளவில். முன்பு சோறு ஊட்டும்போது நிலா, காகம், கோணேசர் கோயில் மான் என்று ஆயிரம் கதை ஓடிய வாய், இப்போது நாலு கட்டளையோடு நின்றுவிடுகிறது. அம்மம்மாவுக்கு அந்த நாலும் தெரியாது. அவ பேரனைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. மொழி போதாமல் இருந்த பிள்ளைக்கு வந்துசேர்கிற மொழியையும் குறைத்தாயிற்று.

இதற்கு மாற்றாகச் சிலர் 'மொழி ஒழுங்கீனம்' என்று எழுதுகிறார்கள். ஒழுங்குக்கு எதிர்ச்சொல் தேடி அகராதியைப் புரட்டினால் இதுதான் கையில் அகப்படும். ஆனால் தமிழில் ஒழுங்கீனம் என்பது நடத்தையைச் சொல்வது. பாடசாலையில் ஒழுங்கீனமாக நடந்த மாணவனின் பெற்றோரைத்தான் அதிபர் கூப்பிட்டு அனுப்புவார். 'மொழி ஒழுங்கீனமுள்ள பிள்ளை' என்றால் தூஷணம் கதைக்கிற பிள்ளை என்றுதான் நான் நினைப்பேன். இதைச் சற்று நாகரிகப்படுத்தி 'ஒழுங்கின்மை' என்று எழுதுவதும் உண்டு. அது அலுமாரிக்குப் பொருந்தும்.

'கோளாறு' இன்னும் கொஞ்சம் பலமான போட்டியாளர். இந்தியாவில் எழுதுகிறவர்கள் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள், மருத்துவ எழுத்தில் நிலைத்தும் விட்டது. சம்பந்தரின் கோளறு பதிகத்தோடு சேர்த்துக் கிரக தோஷம் என்று விளக்கம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கோள் அறு, இது கோளாறு. அந்த ஆராய்ச்சி இங்கே வேண்டாம். என் மறுப்பு பேச்சு வழக்கைப் பற்றியது. மோட்டரில் கோளாறு, ஃபேனில் கோளாறு என்கிறோம். கழற்றிப் பூட்டினால் சரியாகும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் கிளினிக்குக்கு அலைந்துவிட்டு 'இன்னும் சரிவரேல்லை' என்று விட்டுவிடுகிற பெற்றோருக்கு இந்தச் சொல் உதவி செய்யாது. மனிதருக்குச் சொன்னாலோ 'மூளைக் கோளாறு' என்ற வசவுதான் முதலில் நினைவுக்கு வரும்.

என் வாக்கு 'குறைபாடு'க்கு. முதற்காரணம், அது மக்கள் வாயில் இருக்கிறது. பார்வைக் குறைபாடு, கேட்டல் குறைபாடு என்று கேட்டுப் பழகிய காதுக்கு மொழிக் குறைபாடு அந்நியமில்லை. இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருமொழிப் பிள்ளையைப் பார்க்கும் சிகிச்சையாளர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இது வேறுபாடா குறைபாடா என்பது. குறை, வேறு இரண்டின் பின்னாலும் அதே 'பாடு' வந்து நிற்கிறது. துறையின் தலையாய கேள்விக்குத் தமிழ் இரண்டு சொற்களை இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்கும்போது குழப்பத்தை ஏன் கட்டி அழவேண்டும்?

வேறுபாடு எப்படியிருக்கும்? அப்பா சிங்களம், அம்மா தமிழ் என்றொரு வீட்டை வைத்துக்கொள்வோம். பிள்ளை "அம்மா போறான்" என்கிறது. ஆண்பால் பெண்பால் தெரியாத பிள்ளை என்று கொப்பியில் குறித்துவிடலாம். ஆனால் பேச்சுச் சிங்களத்தில் வினைக்குப் பால் விகுதியே கிடையாது: 'மம யனவா', 'ஓயா யனவா', 'அம்மா யனவா'. நானும் நீயும் அம்மாவும் ஒரே 'யனவா'தான். போறன், போறாய், போறா என்று ஆளுக்கொரு வாலைத் தமிழ் ஒட்டுவதை அந்தப் பிள்ளை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. அதே பிள்ளை சிங்களத்தில் வயதுக்கேற்ற நீளத்தில் கதை சொல்கிறதா, கேட்டதை விளங்கிக்கொள்கிறதா என்று பார்க்கவேண்டும். சொன்னால் அது வேறுபாடு. குறைபாடு என்றால் அது இரண்டு மொழியிலும் முகத்தைக் காட்டும். தமிழில் மட்டும் சிக்கல், சிங்களத்தில் சரளம் என்று ஒரு மொழிக் குறைபாடு இருக்காது.

சொற்களை எண்ணுவதிலும் இதே கதை. பூனையைத் தமிழில் மட்டும் தெரியும், நாயை 'பல்லா' என்று சிங்களத்தில் மட்டும் தெரியும். தமிழ்ப் பட்டியலோடு போகிறவர் ஒரு சொல் என்று எழுதுவார். இரண்டையும் கூட்டினால் இரண்டு. ஒலியைப் பற்றிக் கேட்டால், நம் பக்கத்தில் பெரியவர்களே பலர் மழையை 'மளை' என்கிறோம். பிள்ளை மட்டும் ழகரம் சொல்லவில்லை என்று குறை கண்டுபிடிப்பது நியாயமில்லை. ஒரு மொழிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் செய்த சோதனையை அப்படியே தமிழாக்கிப் புள்ளி போட்டால் இப்படித்தான் வந்துநிற்கும். அதனால்தான் முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் யார் எந்த மொழியில் எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள் என்று கேட்பார்கள். பிறகு சோதித்து, கொஞ்சம் கற்றுக்கொடுத்து, மறுபடி சோதிப்பார்கள். சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அதுவரை வாய்ப்பு இல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிக்கொடுத்தும் தடுமாறினால் குறைபாட்டை நினைக்கவேண்டும். பொருளில்லாத சொல்லைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வதும் உண்டு. 'தபிமு' என்றால் எந்த மொழிப் பிள்ளைக்கும் புதுசுதானே.

குறைபாட்டுக்கு எதிராக இரண்டு வாதம் கேட்டிருக்கிறேன். 'குறை' என்பது மனதைப் புண்படுத்தும் என்பது ஒன்று. சரி, ஆனால் நம் பழைய சொற்களைப் பாருங்கள். கொன்னையன், ஊமை, திக்குவாயன் என்று அவை ஆளையே பெயராக்கிவிடும். குறைபாடு பிள்ளையை விட்டுத் தள்ளி நிற்கிறது; 'குறைபாடு உள்ள பிள்ளை' என்று சொல்ல இடம் தருகிறது. இரண்டாவது, 'இம்பெயார்மென்ட்' என்ற இன்னொரு ஆங்கிலச் சொல்லுக்கும் குறைபாடு என்கிறோமே, டிஸோர்டருக்கும் அதுவேயா என்பது. மொழியைப் பொறுத்தவரை ஆங்கிலக்காரரே அப்படித்தான் மாறிக்கொண்டார்கள். நெடுங்காலம் இம்பெயார்மென்ட் என்று அழைத்த அதே சிக்கலை, பிரித்தானிய உளவியலாளர் டொரத்தி பிஷப் முன்னின்று கூட்டிய வல்லுநர் குழு 2017இல் 'வளர்ச்சிசார் மொழி டிஸோர்டர்' என்று பெயர் மாற்றியது. பிள்ளைகள் மாறவில்லை. 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' என்று நாம் எழுதுவதால் எந்தப் பாவமும் வராது.

இந்தச் சொற்கள் ஏன் இப்படித் தட்டுக்கெட்டு வருகின்றன? இலங்கையில் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கு ஆள் பயிற்றத் தொடங்கியது களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம். படிப்பு ஆங்கிலத்தில். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர்கள் கொஞ்சப் பேர். அவர்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்கவே நேரம் போதாது. துண்டுப்பிரசுரம் மொழிபெயர்ப்பாளர் மேசைக்குப் போகிறது. அவர் நேற்று மீன்பிடி அறிவித்தலும் இன்று மொழிக் குறைபாடும் நாளை டெங்கும் மொழிபெயர்க்கிறவர். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று, பத்தியை நிரப்ப ஏதோ ஒரு தமிழ் வேண்டும், நிரப்பியாயிற்று. 'அசெஸ்மென்ட்' என்பதற்குக் 'கணிப்பீடு' போட்டார்கள். பாடசாலையில் அது புள்ளி போடுகிற விஷயம். அம்மா முதல் நாள் இரவு பிள்ளைக்குப் பாடமாக்கிக் கொடுத்துக் கூட்டிவருகிறா. 'பேச்சு நோயியலாளர்' என்றும் ஓரிடத்தில் கண்டேன். அமெரிக்கர் வைத்த பட்டத்தை எழுத்தெழுத்தாகப் பெயர்த்தது. பெயர்ப்பலகையைப் பார்த்தால் கூட்டிவந்த பிள்ளையோடு திரும்பிப் போகத்தான் தோன்றும். மதிப்பீடு, சிகிச்சையாளர் போதும். சிகிச்சை வடசொல் என்று தள்ளி 'பேச்சு மருத்துவம்' என்று எழுதச் சொல்கிற தனித்தமிழ் நண்பர்களுக்கு ஒன்று: மருத்துவம் என்றால் நம் சனம் பாணி மருந்தைத்தான் எதிர்பார்க்கும்.

கடைசியாக ஒரு பொறி. குறைபாட்டை ஏற்றுக்கொண்ட ஒருவர் இடத்தை மிச்சம்பிடிக்க 'இருமொழிக் குறைபாடு' என்று தலைப்புப் போட்டிருந்தார். கதவால் துரத்திய குழப்பம் ஜன்னலால் வந்துவிட்டது. இரண்டு மொழி இருப்பதே குறை என்று வாசிக்கலாம். 'இருமொழிப் பிள்ளைகளில் மொழிக் குறைபாடு' என்று எழுதுங்கள். தலைப்பு ஒரு வரிக்குள் அடங்காவிட்டால் எழுத்தைச் சின்னதாக்குங்கள்.