188 மாத்திரைக் கணக்கு

ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரிக்கும் ஸ்டான்லிக்கும் நடையாய் நடந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பா பழக்கமாகியிருக்கும். உள்ளே இருப்பது பெடாகுயிலின், ஒவ்வொன்றும் 100 மில்லிகிராம். சாதாரண டிபிக்கு இதைக் கொடுப்பதில்லை. ரிஃபாம்பிசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு மசியாத டிபிக்குத்தான். டப்பாவில் மொத்தம் 188 மாத்திரை. நூறு, இருநூறு என்று இல்லாமல் அதென்ன 188?

முதல் இரண்டு வாரம் தினமும் நான்கு மாத்திரை, ஆக 56. அடுத்த 22 வாரம், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு, ஆக 132. கூட்டிப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 24 வாரம், ஒரு டப்பா.

நான்கிலிருந்து திடீரென்று இப்படிக் குறைவதைப் பார்த்து வீட்டில் கலங்கத் தேவையில்லை. உடம்பின் திசுக்களில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து இது. கடைசியில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஐந்தரை மாதம் போல ஆகிறது. அதனால் முதல் இரண்டு வாரம் உடம்பை நிரப்புகிறார்கள். அப்புறம் குறைவதை மட்டும் ஈடுகட்டுகிறார்கள். சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சேரும் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. விடிவதற்கு முன்னால் ஒரு டீயைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர் மாத்திரையையும் அந்த டீயோடு விழுங்கினால் பாதி மருந்து வீண். நாலு இட்லி உள்ளே போகட்டும், அப்புறம் மாத்திரை.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தது ஜான்சன் அண்ட் ஜான்சனின் கிளையான ஜான்சென், பெல்ஜியத்துக் கம்பெனி. கூன் ஆன்ட்ரீஸும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை 2005-ல் சயின்ஸ் இதழில் வந்தது. கிருமியின் ஏதாவது ஒரு புரதத்தை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருந்தும் வேதிப்பொருளைத் தேடுவதுதான் அப்போது நாகரிகமான வழி. இவர்கள் பழைய பாணியில் இறங்கினார்கள்: உயிருள்ள கிருமியின் மேல் வேதிப்பொருட்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எது கொல்கிறது என்று பார்ப்பது. டிபி கிருமி ஒருமுறை இரண்டாகப் பெருக ஒரு நாள் வாக்கில் எடுத்துக்கொள்ளும்; ஆளையும் தாக்கும். அதனால் அதன் சாதுவான உறவுக்காரக் கிருமி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். அது சில மணி நேரத்தில் பெருகிவிடும்.

கொல்லும் பொருள் கிடைத்தது. ஆனால் எங்கே அடித்துக் கொல்கிறது? இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு அந்தக் கட்டுரையிலேயே பிடித்த இடம். பதிலைக் கிருமியிடமே கேட்டுவிட்டார்கள். மருந்து கலந்த தட்டில் கோடிக்கணக்கான கிருமிகளைப் பரப்பினால், எங்கோ ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து வளரும். பிழைத்தவற்றின் மரபணு எழுத்துகளில் எங்கோ ஒரு பிழை நேர்ந்திருக்க வேண்டும். டிபி கிருமியில் ஒன்று, உறவுக்காரக் கிருமியில் இரண்டு என மூன்று தப்பியோடிகளை எடுத்து, கிட்டத்தட்ட முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். டிபி கிருமிக்கு மட்டும் அது சுமார் 44 லட்சம் எழுத்து. மூன்றிலும் பொதுவாக மாறியிருந்தது ஒரே ஒரு மரபணு, ஏடிபி-ஈ. அதோடு விடவில்லை. மாறிய அந்த மரபணுவைச் சாதாரணக் கிருமிக்குள் நுழைத்தார்கள். அதுவும் மருந்துக்கு அசைந்து கொடுக்கவில்லை. சந்தேகம் தீர்ந்தது.

ஏடிபி என்பது உயிரணு செலவழிக்கும் சக்திப்பொருள். அதைத் தயாரிக்கும் எந்திரம் கிருமியின் சவ்வில் பதிந்திருக்கிறது. ஒன்பது துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம், புரோட்டான்கள் பாயப் பாயச் சுழலும். அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகும். வளையத்தின் துண்டைச் செய்யச் சொல்லும் மரபணுதான் ஏடிபி-ஈ. காசிமேட்டு விசைப்படகின் புரொப்பல்லரில் அறுந்த வலை சுற்றிக்கொண்டால் என்ன ஆகும்? பெடாகுயிலின் அந்த வளையத்தில் சிக்கிச் செய்வதும் அதுதான். பெருகாமல் முடங்கிக் கிடக்கும் கிருமிக்கும் சக்தி வேண்டுமே, அதனால் அதுவும் தப்புவதில்லை. ஆனால் கையிருப்பு ஏடிபி தீரும்வரை கிருமி தாக்குப்பிடிக்கும். முதல் சில நாள் சளியில் பெரிய மாற்றம் தெரியாததற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்க அனுமதி 2012 டிசம்பரில் கிடைத்தது. அதற்கு ஆதாரமான முக்கியச் சோதனையின் முடிவுகள் 2014-ல் கட்டுரையாக வெளிவந்தன. 160 பேர், இரண்டு குழு; மற்ற டிபி மருந்துகள் இரண்டு குழுவுக்கும் உண்டு. 24 வாரத்தில் சளியில் கிருமி வளராமல் போனவர்கள் மருந்துக் குழுவில் 79 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 58. விளம்பரத்துக்கு இது போதும். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: மருந்துக் குழுவில் இறந்தவர்கள் 10, மற்றதில் 2. மருந்துதான் காரணம் என்று காட்டும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கையோடுதான் அனுமதித்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை இந்த மருந்து நீட்டுவதும் தெரிந்திருந்தது. மாத்திரை எடுக்கிறவர்களுக்கு அடிக்கடி இசிஜி எடுப்பது அதனால்தான். பிறகு இந்தியா உள்பட பல நாடுகளில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. ஊசி இல்லாமல் பெடாகுயிலின் சேர்த்த சிகிச்சையில் நல்ல பலன் சுமார் 83 சதவீதம், ஊசியோடு கூடிய பழைய சிகிச்சையில் 71. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊசி போனது லேசான விஷயமில்லை. பழைய டிபி ஊசிகள் காதைச் செவிடாக்கக்கூடியவை. அப்படிக் கேட்கும் திறனை இழந்த மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேவும்தான் பெடாகுயிலின் காப்புரிமையை நீட்டிக்கக் கம்பெனி போட்ட விண்ணப்பத்தை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. மூலக் காப்புரிமை ஜூலையில் காலாவதியானது.

மருந்துக் கம்பெனி ஆராய்ச்சியை முழுக்க நம்புகிறவர்களும் உண்டு, முழுக்கத் திட்டுகிறவர்களும் உண்டு. நான் விற்பனைக்கு உதவாத பக்கங்களைத் தேடிப் படிப்பேன். அப்படி ஒன்றை ஆன்ட்ரீஸே 2014-ல் எழுதியிருக்கிறார்: தன் மருந்திடமிருந்து டிபி கிருமி எப்படித் தப்பிக்கிறது என்று. எந்திரத்தை மாற்றாமலேயே, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கும் பம்பைக் கிருமி முடுக்கிவிடுகிறது. பம்பை அடக்கிவைக்கும் மரபணு கெட்டுப்போனால் போதும். அதே பம்ப், கூடவே கொடுக்கப்படும் குளோஃபசிமினையும் இறைத்துவிடும்.

ஐந்தரை மாதக் கணக்கு இங்கேதான் எதிராகத் திரும்புகிறது. வேலைக்குப் போக வேண்டும், வாந்தி வருகிறது என்று ஒருவர் எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால், லைனசோலிட் போன்ற துணை மருந்துகள் சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும். பெடாகுயிலின் மட்டும் குறைந்த அளவில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். தனியாக மாட்டிய மருந்தை எதிர்க்கப் பழகுவது கிருமிக்குச் சுலபம். இடையில் விட்டுத் திரும்பி வருகிறவரிடம், எத்தனை நாள் விட்டீர்கள் என்று துருவிக் கேட்டு, பழைய டப்பாவையே தொடரச் சொல்லாமல் மறுபடி சளி எடுப்பது இதற்காகத்தான். பம்பை அடக்கிவைக்கும் மரபணுவில் பிழை எந்த எழுத்திலும் நேரலாம் என்பதால் சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் டெஸ்டுகளில் இந்த எதிர்ப்பு எளிதில் அகப்படுவதில்லை. கிருமியை வளர்த்து, மருந்து போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குச் சில வாரம் பிடிக்கும்.