நானூறு ரூபாய் ஏன் ஆட்டத்தைக் கெடுத்தது?

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 87 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மொத்தம் ஆறு விளையாட்டுகள். ஒன்றில் எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்துவார்கள். கடைசி மூன்று எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொன்றில் வளைந்து வளைந்து போகும் பாதையில், வழியில் இருக்கும் குழிகளில் விழாமல் ஒரு சிறிய உருண்டையை உருட்டிச் செல்ல வேண்டும். நன்றாக ஆடினால் பணம். ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சமாகச் சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. ஆறிலும் அசத்தினால் கடைசிக் கூட்டத்தாருக்கு 2,400 ரூபாய் கிடைக்கும். அப்போது அந்த ஊரில் ஒருவர் ஏறக்குறைய அரை வருடம் செலவு செய்த தொகை அது.

4 ரூபாய்க்காரர்களுக்கும் 40 ரூபாய்க்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 400 ரூபாய்க்கு ஆடியவர்கள்தான் எல்லோரையும்விட மோசமாக ஆடினார்கள். நடத்தைப் பொருளாதார ஆய்வாளர் டான் ஏரியலியும் அவருடைய சகாக்களும் 2009இல் இதை வெளியிட்டார்கள்.

ஏழைகள், இவ்வளவு பணத்தைப் பார்த்ததும் கை நடுங்கியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே குழு அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இரண்டு வேலைகள் கொடுத்தது. ஒன்று, கீபோர்டில் இரண்டு விசைகளை மாற்றி மாற்றித் தட்டுவது. மற்றது, எண்கள் நிறைந்த கட்டத்தில் கூட்டினால் 10 வரும் இரண்டைக் கண்டுபிடிப்பது. பரிசைப் பத்து மடங்காக்கியதும் தட்டும் வேகம் கூடியது. கூட்டல் சரிந்தது.

விசை தட்டுவதற்கு முயற்சி மட்டும் போதும். ஆசை கூடினால் விரல் வேகமாக ஓடும். கூட்டலுக்கோ பல எண்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடம் ரொம்பச் சின்னது. "பணம் கைநழுவிப் போய்விடுமோ" என்ற பதற்றமும் அங்கேதான் வந்து உட்காருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி, ஓடுவதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் நிறுவனம் மணிக்கூலியை விட்டுவிட்டு ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கத் தொடங்கியபோது, ஒரு தொழிலாளியின் உற்பத்தி 44 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அதே சூத்திரத்தை மென்பொருள் எழுதுபவரிடமோ ஆசிரியரிடமோ கொண்டுபோய் டார்கெட் வைப்பது எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது.

பதற்றமாவது அன்றைக்கே போய்விடும். அதைவிட ஆழமான சேதம் ஒன்று உண்டு. 1971இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கனசதுரப் புதிரைக் கொடுத்தார். பாதிப் பேருக்கு இரண்டாம் நாளில் மட்டும், முடித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். மூன்றாம் நாள் யாருக்கும் பணம் இல்லை. நடுவில் ஏதோ வேலை இருப்பதுபோல் டெசி எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். உண்மையான சோதனையே அந்த எட்டு நிமிடம்தான். அறையில் பத்திரிகைகள் கிடந்தன. புதிரைத் தொட வேண்டிய கட்டாயமில்லை. காசு வாங்கிப் பழகியவர்கள் மூன்றாம் நாள், முதல் நாளைவிடக் குறைந்த நேரமே அதைத் தொட்டார்கள். "பிடித்திருக்கிறது, செய்கிறேன்" என்பது "காசுக்காகச் செய்கிறேன்" என்று மனதுக்குள் மாறிவிட்டது. காசு நின்றதும் காரணமும் நின்றது. வெறும் 24 மாணவர்கள்தானே என்று கேட்கலாம். 1999இல் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்தப் போக்கு தெரிந்தது. மனதாரப் பாராட்டினால் மட்டும் ஆர்வம் குறையவில்லை, கூடியது.

சரி, அப்படியானால் சம்பளத்தைக் குறைத்துவிட்டு உள்ளார்வம் பற்றிப் பேசலாமா? கூடவே கூடாது. பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்ட உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959லேயே இதைச் சொல்லிவிட்டார். சம்பளம் நியாயமாக இல்லாவிட்டால் மனக்குறை நிச்சயம். அந்தக் குறை தீர்ந்த பிறகு மனிதரை இழுப்பவை சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் ருசி.

பரிசே வேண்டாம் என்றும் இதற்கு அர்த்தமில்லை. 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரையப் பிடித்த குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்திடம் "வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குப் பரிசு இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், முதல் கூட்டம் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழந்தைகள் எப்போதும்போல் ஆசையாக வரைந்துகொண்டிருந்தார்கள்.