சிலாவ் (ஆஸ்டிக்மாட்டிசம்) அதிகமாக இருக்கிறவர்கள் கான்டாக்ட் லென்ஸ் வாங்கும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சுங்கை சிப்புட்டில் என் கண்ணாடிக் கடையைத் திறந்த கையோடு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அம்மாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை, மகள் படிவம் ஆறு. "மிஸ், இவ ஆன்லைன்ல லென்ஸ் வாங்கிப் போட்டிருக்கா, போர்டுல எழுதுறதெல்லாம் ரெட்டையாத் தெரியுதாம்" என்றார் அம்மா.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் உட்காரவைத்துப் பார்த்தேன். சிலாவைத் திருத்தும் டோரிக் லென்ஸ் பலவற்றின் அடியில் மெல்லிய கோடு ஒன்று போட்டிருப்பார்கள், கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் அது நிற்க வேண்டும். இவளுக்கு வலது கண்ணில் அது 7 மணியில் நின்றது, கண்ணைச் சிமிட்டினால் ஊஞ்சல் மாதிரி ஆடவும் செய்தது.

சிலாவ் என்று நம் ஊரில் சொல்வது ஆஸ்டிக்மாட்டிசம். கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல் ரக்பி பந்து மாதிரி ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருக்கும். அதனால் லென்ஸில் பவர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது சரியான கோணத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும். 10 டிகிரி திரும்பினால் சிலாவ் பவரில் மூன்றில் ஒரு பங்கு வீண். சிலாவ் 1.00 இருப்பவருக்கு அது பெரிதாக உறைக்காது, 3.00 இருப்பவருக்கோ ஒரு முழு பவர் போய்விடும். 30 டிகிரி திரும்பினால் திருத்தாத அளவு மங்கல் அப்படியே மிச்சம், கோணம் மட்டும்தான் மாறியிருக்கும். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் என்பது சரியாக 30 டிகிரி. அந்தப் பெண் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான்.

இன்னொரு தப்பு, கண்ணாடிச் சீட்டில் இருந்த எண்ணையே பார்த்து ஆர்டர் செய்தது. சீட்டில் கிட்டப்பார்வை பவர் 5.00, சிலாவ் 3.50, அச்சு (சிலாவ் இருக்கும் கோணம்) 10. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது, ஆகவே கணக்கு மாறும். அவளுக்கு லென்ஸில் வேண்டியது ஏறக்குறைய 4.75, சிலாவ் 3.00. பெட்டியில் தயாராக வரும் டோரிக் லென்ஸ்கள் பெரும்பாலும் 2.25 அல்லது 2.75 சிலாவோடு நின்றுவிடும் என்பதால், விற்றவர் "கிட்டத்தட்ட சரி" என்று 2.75ஐ அனுப்பியிருக்கிறார். (பதிவு பெறாதவர்கள் லென்ஸ் விற்பது மலேசியாவின் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி குற்றம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கலர் லென்ஸ் விற்கிறவர்களுக்கும் இதே கதைதான்.)

அம்மா பிளாஸ்டிக் பையில் பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. சிலாவ் படிவம் ஒன்றில் 3.25, மூன்றில் 3.50, இப்போதும் 3.50. இந்த எண் வருடா வருடம் ஏறிக்கொண்டோ அச்சு இடம் மாறிக்கொண்டோ இருந்தால், அதுவும் பிள்ளை கண்ணைக் கசக்குகிற பிள்ளையாக இருந்தால், லென்ஸ் பேச்சையே எடுக்காமல் கருவிழி வரைபடம் எடுக்க ஈப்போவுக்கு அனுப்பியிருப்பேன். கருவிழி மெலிந்து கூம்பாகிற கெரடோகோனஸ் நோய் அப்படித்தான் தலைகாட்டும். சீக்கிரம் பிடித்தால் கருவிழியை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை செய்து அது மேலும் போகாமல் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

சரி, இவளுக்கு எது? ஹார்ட் லென்ஸ் போட்டால் எழுத்து வெட்டினாற்போல் தெரியும், லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்துவிடும். ஆனால் இந்த அளவு வளைவில் சாதாரண வட்ட ஹார்ட் லென்ஸ் தள்ளாடும், பின்பக்கமும் டோரிக்காகச் செய்ய வேண்டும். அது போக, ஒரு தூசி உள்ளே போனாலும் உயிர் போகும். லாரி போகும் செம்மண் சாலையில் மோட்டாரில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதை நான் தரமாட்டேன். கண்ணின் வெள்ளைப்பகுதியில் உட்காரும் ஸ்க்ளீரல் லென்ஸுக்குள் தூசி அவ்வளவு எளிதில் போகாது, ஆனால் விலையைக் கேட்டதும் அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் அளவுக்குச் செய்துதரும் சாஃப்ட் டோரிக்.

சோதனை லென்ஸைப் போட்டு அரை மணி நேரம் வெளியே தோசை சாப்பிட அனுப்பினேன். திரும்பி வந்தபோது கோடு என் இடப்பக்கம் 10 டிகிரி சாய்ந்து நின்றது, எத்தனை முறை சிமிட்டினாலும் அங்கேயே நின்றது. இப்படி நிலையாகச் சாய்ந்தால் கவலையில்லை, அச்சை 10க்குப் பதில் 20 என்று மாற்றி ஆர்டர் செய்தால் சரியாகிவிடும். ஆடிக்கொண்டே இருந்தால்தான் வேறு லென்ஸ் தேட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து லென்ஸ் வந்தது. வாங்க வந்தபோது அம்மாவின் கேள்வி ஒன்றுதான்: "லயத்துத் தொட்டித் தண்ணில கழுவலாமா மிஸ்?" கூடவே கூடாது அக்கா, குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்கிருமி கருவிழியைத் தின்றுவிடும் என்றேன். மகள் அதற்குள் சுவரில் இருந்த காலண்டரில் சின்ன எழுத்தில் அச்சடித்த ராகுகாலத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.