முச்சை இல்லாத மயில்

வாடைக்காற்று வீசத் தொடங்கிய ஒரு மாலை, என் தமக்கையின் மகன் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பட்டம் கட்டும் ஒரு பெரியவரைத் தேடிப் போனான். நானும் கூடப் போயிருந்தேன். தைப்பொங்கல் அன்று கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியில் தன் பட்டமும் பறக்க வேண்டும் என்பது அவன் ஆசை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய மயில் ஒன்று அவன் கைபேசியில் இருந்தது. விரிந்த தோகையில் ஒவ்வொரு கண்ணும் மின்னியது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்ல வடிவாய் இருக்கிறது தம்பி. முச்சை எங்கே கட்டுவது?" என்றார்.

பட்டத்தின் நெஞ்சிலிருந்து வரும் நூல்களைக் கூட்டி, ஏற்றும் கயிற்றோடு இணைக்கும் கட்டுக்குத்தான் எங்கள் ஊரில் முச்சை என்று பெயர். பட்டம் காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்ளும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அத்தனை நுணுக்கமாக வரையப்பட்ட படத்தில் அதற்கு இடமே இல்லாமல் போனது ஏன்? அந்த மயில் பிறந்த விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

ஒரு குவளை நீரில் மைத்துளி விழுந்தால் மெல்லப் பரவி, கடைசியில் எங்கும் ஒரே மங்கலாகிவிடும். அந்தப் பரவலைப் பின்னோக்கி ஓட்ட முடியுமா? இயற்பியலின் இந்தக் கேள்வியைப் படங்களுக்குப் பொருத்தும் யோசனை 2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையில் வெளிவந்தது. ஒரு நல்ல படத்தை எடுத்து, அதன்மேல் தாறுமாறான புள்ளிகளைச் சிறிது சிறிதாகத் தூவுகிறார்கள். ஆயிரம் படிகள் போனால் படம் மறைந்து, அலைவரிசை கிடைக்காத பழைய தொலைக்காட்சித் திரைபோல வெறும் புள்ளி மழைதான் மிஞ்சும். இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும் பயிற்சி ஒன்றே ஒன்று: கெட்டுப்போன படத்தைப் பார்த்து, அதில் தூவப்பட்ட புள்ளிகள் எவை என்று சொல்ல வேண்டும். கோடிக்கணக்கான படங்களில் இதைப் பழகிய பிறகு, வெறும் புள்ளி மழையையே அதன் முன் வைக்கிறார்கள். இல்லாத படத்தை இருப்பதாகக் கொண்டு அது புள்ளிகளைக் கழிக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் இருபது முதல் ஐம்பது படிகளில் ஒரு மயில் தெளிந்து வருகிறது.

ஏன் மயில், ஏன் மாடு அல்ல? அங்கேதான் சொற்கள் வருகின்றன. 2021இல் வெளியான ஒரு முக்கியமான கணினி மாதிரி, 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த விளக்க வரிகளையும் சேர்த்துப் படித்து, எந்தச் சொல்லோடு எந்தத் தோற்றம் போகும் என்று கற்றுக்கொண்டது. படம் வரையும் இயந்திரம் ஒவ்வொரு படியிலும் இரண்டு முறை கணிக்கிறது: நாம் கொடுத்த சொற்களோடு ஒரு முறை, சொற்கள் இல்லாமல் ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெருக்கி அந்தத் திசையில் படத்தைத் தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறோமோ, அவ்வளவுக்குப் படம் கேட்ட சொல்லோடு ஒட்டிவரும். அவ்வளவுக்கு ஒன்றுபோல் மற்றொன்றும் இருக்கும். அன்று மாலை மருமகன் எடுத்த இருபது மயில்களும் ஒரே முட்டையில் பிறந்தவைபோல இருந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

விளக்க வரி இல்லாத அறிவு இந்த வழியில் உள்ளே போவதில்லை. 2022இல் வெளியான மிகப் பெரிய பொதுத் தொகுப்பு ஒன்றில் ஏறத்தாழ 585 கோடி படம்–வரி இணைகள் இருந்தன. ஆங்கில வரிகள் மட்டும் 230 கோடிக்கு மேல். இணையத்தில் கிடந்தவற்றைத் திரட்டிய தொகுப்பு அது. அவற்றை வரைந்தவர்களிடமும் எடுத்தவர்களிடமும் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது. கல்யாண அட்டைக்கும் கடை விளம்பரத்துக்கும் படம் வரைந்து பிழைப்பவர்களின் கூலியில்தான் இது முதலில் கைவைக்கிறது. எங்கள் கொக்குப் பட்டமும், பட்டத்தில் கட்டிக் கூவவிடும் விண்ணும், முச்சையும் அந்தக் குவியலில் எத்தனை வரிகளில் இருந்திருக்கும்?

இருந்திருந்தாலும் தோற்றம் மட்டுமே போயிருக்கும். விண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லாக வளைத்த மூங்கிலில் மெல்லிய நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். காற்று நாடாவை முறுக்குகிறது, நாடா மீள்கிறது, மறுபடி முறுக்குகிறது. அந்த அதிர்வுதான் இரவெல்லாம் ஊர்மேல் கேட்கும் கூவல். இழுவை கூடினால் சுருதி ஏறும். பெரியவர் நாடாவை விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டு, மறுபடி அவிழ்த்துக் கட்டுவார். அவர் காதில் இருக்கும் அளவு எந்தப் புகைப்படத்திலும் பதியாது.

மருமகனின் மயிலை அவர் தள்ளிவிடவில்லை. கழுத்து வளைவு அவருக்குப் பிடித்திருந்தது. இப்படி ஒரு வளைவைத் தான் கட்டியதில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். இந்தக் கருவியின் உண்மையான பயன் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஐம்பது ஆண்டு பழகிய கைக்கு ஒரு புதிய வளைவு கிடைத்தது. பிறகு வேலை தொடங்கியது. தோகைக் கண்கள் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. அவ்வளவு கடதாசியும் பசையும் வாலில் ஏறினால் பட்டம் எழும்பாது. சட்டத்தின் நடுவில் நூல் கட்டித் தூக்கிப் பார்த்தார், இடச்சிறகு தாழ்ந்தது. அந்தப் பக்கத்து மூங்கிலைக் கத்தியால் சீவினார், தூக்கினார், மறுபடி சீவினார். தரையெல்லாம் சுருள் சுருளாகச் சீவல்.

முதல் ஏற்றத்தில் மயில் பத்தடி எழுந்து, மல்லாந்து மணலில் விழுந்தது. பெரியவர் திண்ணையிலிருந்து எழவில்லை. மருமகன் அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மணலில் குந்தி முச்சையை அவிழ்த்தான். மேல் நூலை ஒரு விரலளவு குறைத்துக் கட்டினான். பட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும்படி என்னிடம் தந்துவிட்டுக் கயிற்றோடு பின்னால் நடந்தான். காற்று வந்ததும் அது என் கையிலிருந்து தானாகவே பிடுங்கிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் மேலே விண் கூவத் தொடங்கியது.